வேலை முதலில், கூலி பிறகு: இங்கிலாந்தின் குற்றவழக்குச் சட்ட உதவி நிறுவனங்கள் பணம் பெறும் முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை ஒருவரைக் கைது செய்து காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், அவர் கோடீஸ்வரரானாலும் கையில் காசில்லாதவரானாலும், கட்டணமின்றி வக்கீலின் ஆலோசனையைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. வக்கீலைத் தனிமையில் கலந்தாலோசிக்கும் உரிமையை 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச் சான்றுகள் சட்டத்தின் 58ஆம் பிரிவு எழுத்தில் தந்தது. அந்த உரிமையை நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் நடைமுறையாக்க 1986இல் டியூட்டி சொலிசிட்டர் முறை, அதாவது காவல் நிலைய அழைப்புகளுக்கு வக்கீல்கள் முறைவைத்துத் தயாராக இருக்கும் ஏற்பாடு, வந்தது. வாக்குறுதி அரசுடையது, ஆனால் அதை ஒவ்வோர் இரவும் நிறைவேற்றிக் காட்டுபவை பெரும்பாலும் தனியார் வக்கீல் நிறுவனங்கள்தான். அரசுச் சம்பளத்தில் இயங்கும் பொது எதிர்வாதச் சேவை ஒன்றும் 2001 முதல் இருக்கிறது. செல்டன்ஹாம், டார்லிங்டன், பான்டிப்ரித், ஸ்வான்ஸீ ஆகிய ஊர்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு; மொத்த வேலையில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆகவே அந்தத் தனியார் நிறுவனங்களுக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது, எதற்குக் கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது என்ற மூன்று கேள்விகளுமே அந்த உரிமையின் உயிர்நாடி. நாளிதழ்களில் விவாதிக்கப்படுவது பெரும்பாலும் முதல் கேள்வி மட்டுமே. மற்ற இரண்டும் அதே அளவுக்கு, சில நேரங்களில் அதைவிட அதிகமாக, ஒரு நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் செய்தி.

அங்கே வக்கீல் தொழில் இரண்டாகப் பிரிந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். கட்சிக்காரரை நேரில் சந்தித்து, காவல் நிலைய விசாரணையில் உடனிருந்து, கோப்பைத் தயாரித்து, கீழ்நிலையான மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பெரும்பாலும் தானே வாதாடுபவர் சொலிசிட்டர். கடுமையான குற்றங்கள் விசாரிக்கப்படும் கிரௌன் நீதிமன்றத்தில் நடுவர் குழுவின் (ஜூரி) முன் பெரும்பாலும் வாதாடுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டர் தனிநபராகத் தொழில் செய்கிறார். சொலிசிட்டரோ நிறுவனமாக இயங்குகிறார்: வாடகை, ஊழியர் சம்பளம், தொழில்முறைக் காப்பீடு, கணினி மென்பொருள், தணிக்கை ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழும் செலவுகள். இருவருக்கும் அரசு தனித்தனிக் கட்டண முறைகளை வைத்திருக்கிறது. இங்கே பேசப்படுவது சொலிசிட்டர் நிறுவனங்களைப் பற்றி.

இந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வதும் அவற்றுக்குப் பணம் கொடுப்பதும் நீதி அமைச்சகத்தின் கீழுள்ள சட்ட உதவி முகமை. ‘லாஸ்போ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரலில், அதற்கு முன்பிருந்த சட்டச் சேவைகள் ஆணையத்தின் இடத்தில் அது அமைக்கப்பட்டது. குற்றவழக்கு வேலைக்கான இப்போதைய ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று தொடங்கியது; அது பத்து ஆண்டுகள்வரை நீடிக்கக் கூடியது. ஒப்பந்தம் கிடைப்பதாலேயே ஒரு நிறுவனத்துக்கு இத்தனை வழக்குகள் வரும் என்ற உத்தரவாதம் எதுவுமில்லை. ஆனால் நிறுவனத்தின் மீதான கடமைகளுக்கு அத்தகைய தளர்வு இல்லை. அங்கீகாரம் பெற்ற தரச் சான்று இருக்க வேண்டும். தகுதிவாய்ந்த மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். டியூட்டி சொலிசிட்டராகப் பட்டியலில் இடம்பெறுபவர் அந்த அலுவலகத்தின் குற்றவழக்கு வேலையில் வாரத்துக்குக் குறைந்தது 14 மணி நேரம் உண்மையிலேயே ஈடுபட்டிருக்க வேண்டும். அழைப்பு வந்தால் இயன்றவரை 45 நிமிடங்களுக்குள் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும்.

அந்த டியூட்டி பட்டியல்தான் பல நிறுவனங்களுக்கு வாழ்வாதாரம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முறைப்பட்டியல் போடப்பட்டு, அதில் பெயருள்ள சொலிசிட்டர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிறுவனங்களுக்கு நாள்முறைகள் ஒதுக்கப்படுகின்றன. அந்த நாளில் தமக்கென வக்கீல் எவரையும் குறிப்பிடாத கைதிகளின் அழைப்புகள் அந்த நிறுவனத்துக்கு வரும். அப்படி வந்தவர் பின்னர் நீதிமன்றத்துக்குப் போகும்போதும் அந்நிறுவனத்தின் கட்சிக்காரராகவே தொடர்வது வழக்கம். ஆகவே ஒரு சொலிசிட்டர் வேலையை விட்டுப் போனால் அவரது உழைப்பு மட்டுமல்ல, அவர் பெயரால் கிடைத்த நாள்முறைகளும் போய்விடும். சிறு நிறுவனம் ஒன்றில் மூத்த சொலிசிட்டர் ஒருவர் ஓய்வுபெறுவது வருமானத்தின் ஊற்றே அடைபடுவதற்குச் சமமாகிவிடுவது இதனால்தான்.

இனி, பணம் வரும் வழிகளை வழக்கின் படிகளோடு சேர்த்தே பார்க்கலாம். முதல் படி காவல் நிலையம். 2008இல் இதற்கு நிலைக்கட்டணம் அறிமுகமானது. அதற்கு முன் செலவிட்ட நேரம், பயணம், காத்திருப்பு ஆகியவை தனித்தனியே கணக்கிடப்பட்டன. அதன் பின் எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கின. விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தாலும் எட்டு மணி நேரம் நீண்டாலும், பகலில் நடந்தாலும் அதிகாலை மூன்று மணிக்கு நடந்தாலும், அதே தொகை. அந்தத் தொகையும் பகுதிக்குப் பகுதி வேறுபட்டது. 2008க்கு முன் அந்தந்தப் பகுதியில் நிலவிய சராசரிச் செலவின் தடம் அப்படியே உறைந்துபோய், சில பகுதிகளில் 200 பவுண்டை ஒட்டியும் லண்டனில் அதைவிட அதிகமாகவும் பல ஆண்டுகள் நீடித்தது. மிக நீண்ட வழக்குகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: மணிக்கணக்கில் போட்டுப் பார்க்கும்போது செலவு குறிப்பிட்ட வரம்பை, அதாவது பல ஆண்டுகள் ஏறத்தாழ நிலைக்கட்டணத்தின் மூன்று மடங்காக இருந்த தொகையைத் தாண்டினால், வரம்புக்கு மேற்பட்ட பகுதி மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். நிலைக்கட்டணத்துக்கும் அந்த வரம்புக்கும் இடைப்பட்ட வேலை முழுவதும் கூலியில்லாத வேலை.

இதில் ஒரு நுட்பமான தீங்கு இருக்கிறது. விசாரணை முடியாமல் கைதியை வெளியே விடும்போது, பல மாதங்களுக்குப் பிறகு அவர் மீண்டும் அழைக்கப்படலாம். இரண்டாவது, மூன்றாவது விசாரணைகளும் நடக்கலாம். ஒரே புலன்விசாரணையைச் சேர்ந்தவை என்பதால் அந்த வருகைகள் அனைத்தும் முதல் நிலைக்கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் பிணை நிபந்தனை ஏதுமின்றி, ‘விசாரணையில் இருப்பவர்’ என்ற நிலையில் பலர் காலவரையறையற்று விடுவிக்கப்பட்டபோது, இத்தகைய கோப்புகள் நிறுவனங்களின் அலமாரிகளில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திறந்தபடியே கிடந்தன. அந்தக் காலத்தில் காவல் அதிகாரியைத் தொலைபேசியில் தேடிப்பிடிப்பதும், அச்சத்தில் இருக்கும் கட்சிக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் பதில் சொல்வதும் வேலைதான். கணக்கில் வராத வேலை. குற்றவழக்கின் போக்கையே மாற்றக்கூடிய ஆலோசனை காவல் நிலையத்தில்தான் நிகழ்கிறது: பேச வேண்டுமா, மௌனமாக இருக்க வேண்டுமா, எழுத்தில் விளக்கம் தர வேண்டுமா என்ற முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. அங்கே நன்றாக உழைக்கும் நிறுவனம் பல வழக்குகளை நீதிமன்றம்வரை போகாமலே தடுத்துவிடுகிறது. அரசுக்குப் பணமும் காலமும் மிச்சமாகின்றன. ஆனால் கட்டண முறை அந்த உழைப்பை ஊக்குவிப்பதில்லை. நீதிமன்றத்துக்குப் போன வழக்கே வருமானம் தருகிறது என்பது ஒரு நீதி அமைப்பு தனக்குத்தானே இழைத்துக்கொள்ளும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த படி மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இங்கே இலவசம் என்பது தானாக வருவதில்லை. இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டும். ஒன்று, நீதியின் நலன் கருதி இவருக்கு வக்கீல் தேவையா என்பது: சிறைத்தண்டனைக்கு வாய்ப்பு உண்டா, வேலையை இழப்பாரா, மொழி தெரியாதவரா போன்றவை பார்க்கப்படும். மற்றொன்று வருமானச் சோதனை. குடும்ப அளவுக்கு ஏற்பச் சரிசெய்த ஆண்டு மொத்த வருமானம் 12,475 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் இருந்தால் உதவி உண்டு. 22,325 அல்லது அதற்கு மேல் இருந்தால் இல்லை. இடைப்பட்டவர்களுக்கு வாழ்க்கைச் செலவைக் கழித்துப் பார்க்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் இந்த எண்கள் பல ஆண்டுகளாக நகரவில்லை. விண்ணப்பத்தை நிரப்புவது, சம்பளச் சீட்டைத் தேடுவது, சிறையில் இருப்பவரின் வங்கிக் கணக்கு விவரத்தைப் பெறுவது ஆகிய யாவும் நிறுவனத்தின் வேலை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அதுவரை செய்த வேலைக்கு மிகச் சிறு தொகையே கிடைக்கும், சில வேளைகளில் எதுவுமே கிடைக்காது. கூலி கிடைக்குமா என்று தெரியாமலேயே வேலை செய்ய வேண்டிய நிலை இது.

அனுமதி கிடைத்த வழக்குக்கு இரண்டடுக்குத் தரக்கட்டணம் பொருந்தும். செய்த வேலையை மணிக்கணக்கு விகிதத்தில் போட்டுப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை கீழ்வரம்புக்குள் இருந்தால் குறைந்த தரக்கட்டணம், அதற்கும் மேல்வரம்புக்கும் இடையில் இருந்தால் உயர்ந்த தரக்கட்டணம், மேல்வரம்பைத் தாண்டினால் மணிக்கணக்கு அடிப்படையில் தனித் தணிக்கை. நகர்ப்புறப் பகுதிகள் பலவற்றில் பயணத்துக்கும் காத்திருப்புக்கும் தனியே எதுவும் கிடையாது. குறைகள் பல இருந்தாலும், செய்த வேலையோடு ஓரளவு தொடர்புள்ள முறை இது. பின்னர் ஆய்வு நடத்தியவர்கள் இதையே கிரௌன் நீதிமன்றத்துக்கும் முன்மாதிரியாகக் காட்டியதற்குக் காரணமும் அதுவே. சிறார் நீதிமன்றத்தின் கடுமையான வழக்குகளுக்கு மட்டும் அண்மையில் 600 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான கூடுதல் தொகை சேர்க்கப்பட்டது. குழந்தைகளின் வழக்கு பெரியவர்களின் வழக்கைவிட எளிது என்று நீண்ட காலம் நினைத்துவந்த ஒரு கட்டண அட்டவணையில் இது மிகத் தாமதமாக வந்த திருத்தம்.

கிரௌன் நீதிமன்றத்தில்தான் நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பங்கு பிறக்கிறது; முறையின் விசித்திரங்களும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. அங்கும் வருமானச் சோதனை உண்டு; குடும்பத்தின் செலவுபோக மிஞ்சும் ஆண்டு வருமானம் 37,500 பவுண்டை எட்டினால் உதவி இல்லை, அதற்குக் கீழே உள்ளவர்களில் பலரிடம் மாதப் பங்களிப்பு வசூலிக்கப்படும். அந்தப் பங்களிப்பு அரசுக்குப் போகிறது, நிறுவனத்துக்கு அல்ல. நிறுவனத்துக்குரியது, 2008 முதல் நடப்பில் உள்ள ‘வழக்குநடத்துநர் படிநிலைக் கட்டணம்’. அதில் ஒரு வழக்கின் கூலியை நிர்ணயிப்பவை: குற்றத்தின் வகை, வழக்கு முடிந்த விதம், விசாரணை நடந்த நாள்கள், எத்தனை பேருக்காக ஆஜரானார்கள் என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அரசுத்தரப்புச் சான்றுகளின் பக்க எண்ணிக்கை. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வழக்கு மூன்று விதமாக முடியலாம்: தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வது, விசாரணைக்கு நாள் குறித்த பிறகு கடைசி நேரத்தில் விசாரணையின்றியே ‘உடைந்து’ முடிவது, முழு விசாரணை நடப்பது. மூன்றுக்கும் கட்டணம் வேறு. ஒப்புக்கொண்ட வழக்குக்கு மிகக் குறைவு. ஆயிரம் பக்கச் சான்றுகளை வாசித்து, வழக்கின் பலவீனத்தை நேர்மையாக எடைபோட்டு, ஒப்புக்கொள்வதே உமக்கு நல்லது என்று கட்சிக்காரருக்குச் சொல்லும் சொலிசிட்டர், அந்த நேர்மைக்காகத் தன் கட்டணத்தில் ஒரு பகுதியை இழக்கிறார். பெரும்பாலான சொலிசிட்டர்கள் இந்த அறிவுரையைத் தயங்காமல் தருகிறார்கள் என்பதை நான் நம்புகிறேன். இருந்தாலும் மனசாட்சிக்கு எதிராக இழுக்கும்படி ஒரு கட்டண முறையை வடிவமைப்பது தவறு.

பக்க எண்ணிக்கையின் கதை இன்னும் சிக்கலானது. சான்றுகள் காகிதத்தில் இருந்த காலத்தில் பக்கமே வேலையின் அளவுகோல் என்று கொள்வதில் ஓரளவு பொருத்தம் இருந்தது. இன்று ஒரே கைப்பேசியிலிருந்து எடுக்கப்படும் செய்திகளும் அழைப்புப் பட்டியல்களும் ஆயிரக்கணக்கான பக்கங்களாக விரிகின்றன. அதே நேரம் பல மணி நேரம் ஓடும் கண்காணிப்புக் கேமரா பதிவைப் பார்ப்பது ஒரு பக்கமாகக்கூடக் கணக்கில் சேர்வதில்லை. எது பக்கம், எது பக்கமில்லை என்பதைத் தீர்த்துவைக்கவே, வக்கீல் கட்டணத் தகராறுகளைக் கேட்கும் ‘செலவு நீதிபதி’களிடம் ஏராளமான மேல்முறையீடுகள் போகின்றன. 2017 டிசம்பரில் அரசு இந்தக் கணக்கின் உச்சவரம்பை 10,000 பக்கங்களிலிருந்து 6,000ஆகக் குறைத்தது. அதற்கு மேற்பட்டதை மணிக்கணக்கில் தனியே கோர வேண்டும் என்றது. சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி நீதிமன்றம் சென்றது. அரசு தன் முடிவுக்கு ஆதாரமாகக் கொண்ட புள்ளிவிவரப் பகுப்பாய்வைக் கருத்துக்கேட்பின்போது வெளியிடவில்லை, அந்தப் பகுப்பாய்வும் பிழையானது என்று கண்ட உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தது. அரசுத்தரப்பு தன் வழக்கில் பயன்படுத்தாமல் விட்ட ஆவணங்களை வாசிப்பதற்கு 2020வரை தனிக் கட்டணமே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குற்றமற்றவரைக் காப்பாற்றும் சான்று பெரும்பாலும் அந்த ஒதுக்கப்பட்ட குவியலில்தான் கிடைக்கும். அதைத் தேடும் வேலைக்குத்தான் கூலி மறுக்கப்பட்டிருந்தது.

இப்போது, எப்போது என்ற கேள்வி. கிரௌன் நீதிமன்றக் கட்டணத்தின் பெரும்பகுதி வழக்கு முடிந்த பிறகே கோரப்படும். வழக்குகள் ஆறேழு மாதங்களில் முடிந்த காலத்தில் இது தாங்கக்கூடிய சுமை. ஆனால் தேங்கிய வழக்குகள் 2024இன் இறுதியில் 70,000ஐத் தாண்டின. விசாரணை நாள் இரண்டு, மூன்று ஆண்டுகள் தள்ளிப்போவது சாதாரணமாயிற்று. வாய்தா போடப்படும் ஒவ்வொரு முறையும் சாட்சிகளை மீண்டும் தொடர்புகொள்ள வேண்டும், கட்சிக்காரரிடம் மீண்டும் பேச வேண்டும், மறந்துபோன கோப்பை மீண்டும் படிக்க வேண்டும். கட்டணம் அதே கட்டணம்தான். இதற்கிடையில் ஊழியர் சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும். செய்து முடித்தும் பில் போட முடியாத வேலையின் மதிப்பு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகத் தெரியும். வங்கிக் கணக்கில் அது பணமாக இருக்காது. இந்த இடைவெளியை நிறுவனங்கள் ஓவர்டிராஃப்ட் வாங்கியும், பங்குதாரர்கள் தம் வீட்டை ஈடாகக் காட்டியும், தம் பங்கை எடுக்காமல் விட்டும் நிரப்புகின்றன. நீதிமன்றத் தாமதத்துக்கான வட்டியைத் தாமதத்துக்குக் காரணமல்லாதவர் கட்டுகிறார். என்னைக் கேட்டால், கட்டண விகிதம் குறைவு என்பதைவிட இந்த வரிசை, அதாவது வேலை முதலில் கூலி பிறகு என்பது, சிறு நிறுவனங்களை அதிகமாக மூச்சுத்திணற வைக்கிறது.

இதைத் தணிக்கச் சில வழிகள் இருக்கின்றன. குற்றத்தை மறுத்து விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டதும் ஓர் இடைக்காலத் தொகையைக் கோரலாம். பத்து நாளோ அதற்கு மேலோ நீளக்கூடிய விசாரணை தொடங்கும்போது இன்னொன்றைக் கோரலாம். மருத்துவர், தடயவியல் வல்லுநர் போன்றோருக்கு முன்கூட்டிய அனுமதி பெற்றுச் செலவழித்த தொகையை வழக்கு முடியும்முன்பே திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் வல்லுநர்களின் விகிதங்களையும் அரசே நிர்ணயிக்கிறது, அந்த விகிதத்தில் வர ஒப்புக்கொள்பவரைத் தேடுவது தனி வேலை. கடும் நெருக்கடியில் இருப்பவருக்கு ‘இன்னல்கால முன்பணம்’ உண்டு. காவல் நிலைய, மாஜிஸ்திரேட் நீதிமன்ற வேலைகளுக்கு மாதந்தோறும் கணக்கு அனுப்ப வேண்டும்; அந்த மாதம் கோரிய தொகையை அப்படியே பெறலாம், அல்லது சராசரியான ஒரே தொகையை மாதாமாதம் பெற்றுக்கொண்டு பின்னர் கணக்கை நேர்செய்யலாம். இரண்டாவது முறை சம்பள நாளுக்கு நிம்மதி தரும். அழைப்புகள் குறைந்துபோன ஆண்டில் அதுவே திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக மாறிவிடும்.

பெரிய அதிர்ச்சிகள் வந்தபோது இந்த வழிகளின் பலமும் பலவீனமும் வெளிப்பட்டன. கொரோனா பரவலால் 2020 மார்ச் 23 முதல் நடுவர் குழு விசாரணைகள் நிறுத்தப்பட்டன. காவல் நிலைய அழைப்புகளும் சரிந்தன. அந்த மே மாதத்தில் இன்னல்கால முன்பணத்துக்கான நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன: முன்பு 5,000 பவுண்டாவது வர வேண்டிய வேலை இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது 450 பவுண்டாகவும், வழக்கில் ஆறு மாதங்கள் ஈடுபட்டிருக்க வேண்டும் என்றிருந்தது ஒரு மாதமாகவும் குறைந்தன. உதவி என்றாலும், அது ஏற்கெனவே செய்த வேலைக்கான சொந்தக் கூலியை முன்னதாகப் பெறுவதுதான். புதுப் பணம் அல்ல. முன்பணம் வாங்கிய நிறுவனம் வழக்கு முடியும்போது மீதியை மட்டுமே பெறும்.

2025 ஏப்ரல் 23 அன்று சட்ட உதவி முகமையின் கணினி அமைப்புக்குள் ஊடுருவல் நடந்திருப்பது தெரியவந்தது. மே 19 அன்று அரசு அதைப் பொதுவில் அறிவித்தது. 2007 முதல் விண்ணப்பித்தவர்களின் தனிப்பட்ட தகவல்கள் பெருமளவில் களவாடப்பட்டிருந்தன. இணையத் தளம் மூடப்பட்டதால், விண்ணப்பம் போடுவதற்கும் பில் அனுப்புவதற்கும் நிறுவனங்கள் வேலை செய்துவந்த வழியே அடைபட்டது. முகமை தற்காலிக ஏற்பாடுகளைச் செய்தது. வழக்கமான முறையில் கணக்கைச் சரிபார்க்க முடியாத இடங்களில் நிறுவனத்தின் முந்தைய சராசரியை வைத்துப் பணம் கொடுத்தது. ஆனால் ஒரே வாடிக்கையாளரை, அதாவது அரசை, நம்பி வாழும் தொழிலில் அந்த வாடிக்கையாளரின் கணினி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அந்த மாதங்கள் வெட்டவெளிச்சமாக்கின.

எவ்வளவு என்ற முதல் கேள்விக்கு இப்போது வரலாம். 1990களின் பிற்பகுதிக்குப் பின் இந்தக் கட்டணங்களில் பொதுவான உயர்வு எதுவும் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு வரவில்லை. வந்தது குறைப்புதான்: 2014 மார்ச்சில் 8.75 சதவீதம் வெட்டப்பட்டது. 2015 ஜூலையில் இன்னொரு 8.75 சதவீதம் வெட்டப்பட்டு, சொலிசிட்டர்களின் எதிர்ப்புக்குப் பின் 2016இல் நிறுத்திவைக்கப்பட்டது. டியூட்டி வேலை செய்யும் நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைக்கத் திட்டமிட்ட இரண்டடுக்கு ஒப்பந்த முறையையும் அப்போதைய நீதி அமைச்சர் மைக்கேல் கோவ் 2016 ஜனவரியில் கைவிட்டார். முதல் வெட்டு மட்டும் அப்படியே நிலைத்தது. 2012-13க்கும் 2022-23க்கும் இடையே, உரிமையியல் உட்பட, சட்ட உதவிக்கான மொத்தச் செலவு பணவீக்கத்தைக் கழித்த மதிப்பில் 72.8 கோடி பவுண்டு குறைந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024இல் கணக்கிட்டது.

இந்த நிலையில் அரசே நியமித்த ஆய்வு ஒன்று நடந்தது. முன்னாள் நீதிபதி சர் கிறிஸ்டோஃபர் பெல்லமி 2021 நவம்பரில் தந்த அறிக்கை, ஆண்டுக்குக் கூடுதலாக 13.5 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 15 சதவீத உயர்வு, ‘குறைந்தபட்சத் தேவை’ என்றது. பல ஆண்டுகால புறக்கணிப்புக்குப் பின் அமைப்பைக் காலூன்ற வைப்பதற்கான முதல் படியே அது என்றும், தாமதத்துக்கு இடமில்லை என்றும் கூறியது. 2022இல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்த அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டு அவர்களுக்கு 15 சதவீத உயர்வு நடப்பு வழக்குகளுக்கும் விரிந்தது. சொலிசிட்டர்களுக்கோ காவல் நிலைய, மாஜிஸ்திரேட் நீதிமன்றக் கட்டணங்களில் 15 சதவீதம் கிடைத்தாலும், கிரௌன் நீதிமன்றப் படிநிலைக் கட்டணத்தில் அடிப்படைத் தொகைக்கு மட்டுமே உயர்வு தரப்பட்டதால், ஒட்டுமொத்த உயர்வு பெல்லமி சொன்ன குறைந்தபட்சத்தை எட்டவில்லை.

லா சொசைட்டி மீண்டும் வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 31 அன்று உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தத் துறையில் அரிதானது. குறைந்தபட்சம் என்று தன் ஆய்வாளரே சொன்னதற்குக் கீழே போனால் நிறுவனங்கள் தாக்குப்பிடிக்குமா என்பதை அமைச்சர் கணக்கிட்டுப் பார்க்கவே இல்லை, அந்த வகையில் முடிவு பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று நீதிபதிகள் கண்டனர். நாடெங்கும் இரவுபகலாக உழைக்கும் இந்த வக்கீல்களின் நல்லெண்ணத்தையும் பொதுக்கடமை உணர்வையும் பெரிதும் நம்பியே இந்தச் சேவை நடக்கிறது என்பதையும் பதிவுசெய்தனர். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை; அது அரசின் பொறுப்பு. ஆட்சி மாறிய பின் 2024 நவம்பரில் காவல் நிலையம், சிறார் நீதிமன்றம் ஆகியவற்றுக்காக 2.4 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. மிகக் குறைந்த கட்டணம் நிலவிய பகுதிகள் மேலே கொண்டுவரப்பட்டன. அடுத்த மாதம் அப்போதைய நீதி அமைச்சர் ஷபானா மஹ்மூத், சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 9.2 கோடி பவுண்டுவரை கூடுதலாகத் தரும் திட்டத்தை அறிவித்தார். காவல் நிலையக் கட்டணத்தை நாடெங்கும் ஒரே சீராக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல மாற்றம். ஆனால் பெல்லமி பரிந்துரைத்த இன்னொன்று, அதாவது பக்க எண்ணிக்கையை விட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றப் பாணியில் வேலையை அளக்கும் முறைக்குக் கிரௌன் நீதிமன்றத்தையும் மாற்றுவது, அந்த அறிவிப்பில் இல்லை.

நிறுவனங்கள் வேறு வருமானம் தேடிக்கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். சட்ட உதவி பெறும் கட்சிக்காரரிடம் அதே வேலைக்குக் கூடுதலாக ஒரு பவுண்டுகூட வாங்க அனுமதியில்லை. அது சரியான விதியே. சொந்தப் பணம் கட்டும் கட்சிக்காரர்களின் வேலையால் சில நிறுவனங்கள் தம் சட்ட உதவிப் பிரிவைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்தக் கட்சிக்காரர் விடுதலையானாலும் முழுச் செலவும் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை; அந்தத் தொகை சட்ட உதவி விகிதத்துக்குள் அடக்கப்பட்டுள்ளது. குற்றமற்றவர் மீது விழும் வரி என்று வக்கீல்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

பணம் இப்படி வருவதன் விளைவு ஆள்களில் தெரிகிறது. 2010களின் தொடக்கத்தில் 1,600க்கும் மேல் இருந்த குற்றவழக்கு ஒப்பந்த நிறுவனங்கள் அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரத்தை ஒட்டிச் சுருங்கின. டியூட்டி சொலிசிட்டரின் சராசரி வயது 47 என்று 2018இல் லா சொசைட்டி கண்டது. 35 வயதுக்குட்பட்ட ஒருவர்கூட இல்லாத பகுதிகளும் இருந்தன. சட்ட உதவி நிறுவனத்தில் பயிற்சி முடிக்கும் இளம் வக்கீலை, ஓய்வூதியமும் முறையான வேலை நேரமும் கூடிய சம்பளமும் தரும் அரசுத்தரப்பு வழக்குத்தொடுப்புத் துறை எளிதாக ஈர்த்துக்கொள்கிறது. இரண்டு தரப்புக்கும் பணம் வருவது ஒரே கருவூலத்திலிருந்துதான். ஒரு தரப்பை வலுவாக வைத்துக்கொண்டு மறுதரப்பின் ஆள்களை அதற்கே இழக்கவிடுவது சமமான போட்டி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஐல் ஆஃப் வைட் தீவிலும் நிறுவனங்கள் மிகக் குறைந்த பகுதிகளிலும் வெளியிலிருந்து வரும் சொலிசிட்டர்களுக்குப் பயண நேரத்துக்குத் தனியே பணம் தர அரசு ஒப்புக்கொண்டது, அங்கே உள்ளூரில் போதிய ஆள் இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

2025 அக்டோபர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒரு சிறு நிறுவனத்தின் பங்குதாரர் போட்டுப் பார்க்கும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: காவல் நிலையக் கட்டணம் உயர்கிறது, அதனால் இரவுப் பணிக்கு இன்னொரு சொலிசிட்டரைச் சேர்க்கலாம், ஆனால் கிரௌன் நீதிமன்றத்தில் கிடக்கும் கோப்புகளின் விசாரணை நாள் அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ இருக்கிறது, அதுவரை அந்தப் புதியவரின் சம்பளத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?